ஒரு சேலைக்கு எட்டுப் பை

முதல் நாள்: நாகப்பட்டினம் – காங்கேசன்துறை

கப்பல் ஏற இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. நாகைத் துறைமுகத்தின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்குகிறேன். மடியில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சேலைகள். இரண்டும் என்னுடையவை அல்ல.

அலுவலகத்தில் பதினோரு வருடமாக எனக்கு அடுத்த இருக்கையில் இருக்கும் தோழி கொடுத்தனுப்பியவை. 1990இல் ஆறு வயதுப் பிள்ளையாக, அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு படகிலிருந்து இராமேஸ்வரக் கரையில் இறங்கியவள் அவள். முதலில் மண்டபம் முகாம், அப்புறம் கும்மிடிப்பூண்டி முகாம். ஒரே அறை வீட்டில் படித்துத்தான் பட்டம் வாங்கினாள். இத்தனை வருடம் ஆகியும் அவளிடம் இருப்பது அகதி அட்டைதான். பாஸ்போர்ட் கிடையாது. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் சொல்லும் நாடுகளில் இலங்கை இல்லை. அவள் பிறந்த ஊருக்குப் போவதென்றால் ஒரேயடியாகப் போக வேண்டும். பார்த்துவிட்டுத் திரும்ப வழியில்லை. அவளுடைய பெரியம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், சின்னம்மா புதுக்குடியிருப்புப் பக்கம். "எனக்காகப் போய்ப் பார்த்துட்டு வர்றியா?" என்று போன மாதம் கேட்டாள். அவள் ஊருக்கு என்னால் போக முடியும், அவளால் முடியாது. இது எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

(இரவு, யாழ்ப்பாணம்)

கடல் அமைதியாக இருந்தது. நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். சென்னையிலிருந்து நாகைக்கு வரவே அதைவிட அதிக நேரம் ஆனது. 'சிவகங்கை' கப்பலின் கண்ணாடி ஓரம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு பக்கமா என்ற கேள்வி விடவே இல்லை. வரைபடத்தில் பார்த்ததுதான், ஆனால் உடம்புக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

இலங்கையில் போர் முடிந்த 2009 கோடையில் எனக்கு 27 வயது. கல்யாணமாகி ஒரு வருடம். அந்தக் கோடையில்தான் எங்கள் வாடகை வீட்டுக்கு முதன்முதலாக ஏசி வாங்கினோம். பழைய காலத்து மர ஜன்னல், சரியாகச் சாத்தாது. குளிர் வெளியே போய்விடுகிறது என்று ஒரு பழைய நூல் சேலையை நீள நீளமாகக் கிழித்து இடுக்குகளில் அடைத்தேன். தெருச் சத்தமும் அதோடு நின்றது. நன்றாகத் தூங்கினோம்.

மே 13 அன்று தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்டோம். 16ஆம் தேதி முடிவு வந்தது. 18ஆம் தேதி திங்கட்கிழமை. வேலை முடிந்து வந்து டிவியைப் போட்டால் எல்லாச் சேனலிலும் போர் முடிந்த செய்திதான். என்னால் பார்க்க முடியவில்லை, மாற்றிவிட்டேன். பார்க்க முடியவில்லை என்று சொல்லிக்கொள்வதற்கு எனக்கு ஒரு ரிமோட் இருந்தது.

ஒன்றுமே செய்யவில்லை என்றும் இல்லை. 2008 அக்டோபர் 24 அன்று போரை நிறுத்தச் சொல்லி சென்னையில் கொட்டும் மழையில் மனிதச் சங்கிலி நடந்தது. நானும் போய் நின்றேன். பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு வயதான அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம். நனைந்து வீட்டுக்கு வந்து தலை துவட்டி, சூடாகக் குடித்துவிட்டுப் படுத்தபோது மனசு லேசாக இருந்தது. அந்த லேசைத்தான் இத்தனை வருடம் கழித்து என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்றைக்கு அது கனத்திருந்தால் அடுத்த நாளும் எங்கேயாவது போய் நின்றிருப்பேன்.

காங்கேசன்துறையில் இறங்கியதும் கண்ணில் பட்டது 1990இலிருந்து மூடிக் கிடக்கும் சிமெந்து ஆலை. முத்திரை குத்தி வெளியே வர அதிக நேரம் ஆகவில்லை. ஆட்டோக்காரர், "இந்தியாவிலயிருந்தோ? கோயில் பாக்க வந்தனீங்களோ?" என்று கேட்டார். சொந்தக்காரரைப் பார்க்க வந்தேன் என்றேன். பொய் என்று தோன்றவில்லை.

இரண்டாம் நாள்: யாழ்ப்பாணம்

காலையில் பொது நூலகம் போனேன். வாசலில் சரஸ்வதி, பின்னால் வெள்ளைக் கட்டடம். 1933இல் செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்து இரவல் கொடுத்த புத்தகங்களிலிருந்து வளர்ந்த நூலகம் இது. கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். நூலக அமைப்புக்கு ஆலோசனை சொன்னவர் சீர்காழிக்காரரான நம் எஸ்.ஆர். ரங்கநாதன். கட்டும்போது நாம் கூட இருந்திருக்கிறோம் என்பது எனக்குத் தெரியாது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் 97,000 புத்தகங்களும் ஓலைச் சுவடிகளும் எரிந்தது மட்டும் தெரியும். இப்போது உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலை குனிந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் படம் எடுக்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே வந்தேன்.

சாயங்காலம் பெரியம்மா வீடு, கொக்குவில். ஓய்வு பெற்ற ஆசிரியை. தெருவில் எல்லோருக்கும் 'ரீச்சர்'. என்னை வாசல் படலையிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ. கடல் ஆட்டினதே?"

சேலையைக் கொடுத்ததும் பிரிக்காமல் முகர்ந்து பார்த்தார். "அவளின்ர வீட்டு மணம் வருது" என்றார். தோழி நன்றாக இருக்கிறாளா என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஓம் என்று சொன்னேன்.

தொண்ணூறுகளின் கதை அவரிடம் நிறைய இருக்கிறது. மின்சாரம் இல்லாத ஐந்தாறு வருடங்கள். பொருளாதாரத் தடை. பேட்டரி வராது, சவர்க்காரம் வராது, மண்ணெண்ணெய் குதிரை விலை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வானொலி கேட்பார்களாம். அலமாரியிலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து வந்தார். அடியில் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், வளைத்த கம்பியில் ஒரு திரி. போத்தலே காற்றுக்கு மறைப்பு. ஒரு சொட்டுக்கூட வீணாகாத விளக்கு. "என்னட்டப் படிச்சு டொக்டரானவை எல்லாம் இந்த வெளிச்சத்தில படிச்சவைதான்" என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன். கழுத்தில் கரி இன்னும் போகவில்லை. அதே வருடங்களில் நானும் பத்தாம் வகுப்பை நோக்கிப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கரண்ட் போனால் அம்மா மீது கோபப்படுவேன்.

"95 அக்டோபர் 30. அண்டைக்கு மழை. முழு யாழ்ப்பாணமும் ஒரே இரவில ஒரே றோட்டால போகுது. நாவற்குழிப் பாலம் தாண்ட விடிஞ்சுபோச்சு. கால் வைக்க இடமில்லை பிள்ளை. வயசானவையள் றோட்டோரம் இருந்தவை, எழும்பேல்லை." அந்த நடையில்தான் அக்காவும் தங்கையும் பிரிந்திருக்கிறார்கள். பெரியம்மா தென்மராட்சியில் தங்கி அடுத்த வருடம் வீடு திரும்பினார். தங்கை கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்குப் போனார். ஒரு முடிவு, அவ்வளவுதான். எது நல்ல முடிவு என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் இருந்தபோது நான் என் ஏசிக் கதையைச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைத்து வரவில்லை, வந்துவிட்டது. பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"நீ கடலுக்கு அங்கால இருந்தனி. நான் இஞ்ச, பஸ்ஸில போற தூரத்தில இருந்தனான். ஃபான் சுத்தினது. புட்டு அவிச்சுச் சாப்பிட்டனான். வன்னியில என்ர தங்கச்சி பங்கருக்குள்ள. இரவில வடிவாக் காது குடுத்தால் தூரத்தில குமுறுறது கேக்கும். கேக்குது எண்டு தெரிஞ்சும் நித்திரை வந்தது, பிள்ளை."

யாழ்ப்பாணமும் அப்போது நிம்மதியான ஊர் அல்ல. 2006 ஆகஸ்டில் ஏ9 சாலையை மூடிய பிறகு அரிசி பருப்புகூடக் கப்பலில் வந்தது. இரவில் ஊரடங்கு, ஆள் கடத்தும் வெள்ளை வேன், காணாமல் போன இளைஞர்கள். இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன், அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள்: சோனகத்தெரு

இன்றைக்கு ஊர் சுற்றும் திட்டம் வைத்திருந்தேன். நல்லூர் மட்டும் போய்க் கும்பிட்டேன். மற்றதைப் பெரியம்மா மாற்றிவிட்டார். "உனக்கு ஒரு இடம் காட்டவேணும், வா" என்று ஆட்டோ பிடித்து ஐந்துசந்திக்குக் கூட்டிப் போனார்.

தொண்ணூறில் அவர் இந்தப் பக்கம் வாடகைக்கு இருந்தாராம். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். நோன்புக் கஞ்சி இந்த வீட்டுக்கு வரும், பொங்கல் அந்த வீட்டுக்குப் போகும். 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொன்ன புலிகள் இயக்கம், இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னது. அந்த நாட்களில் வடக்கு முழுவதிலுமிருந்தும் 70,000க்கும் மேற்பட்டவர்கள் அப்படி விரட்டப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் போய் அகதியானார்கள்.

"அவ திறப்பை என்ர கையில தந்தா. 'ரீச்சர், ரெண்டு கிழமையில வந்திடுவம், மரத்துக்குத் தண்ணி ஊத்துங்கோ' எண்டா. நான் வாங்கினனான். வாங்கிக்கொண்டு படலையைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு வந்தனான். முழுத் தெருவும் சாத்தினது. ஒரு சனம் வெளிய வந்து 'ஏன்' எண்டு கேக்கேல்லை. பயம். பயம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நாங்கள் நூறு பேர், இருநூறு பேர் றோட்டில வந்து நிண்டிருந்தால்?"

சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே அக்டோபர் 30 அன்று, அந்தச் சாவியையும் எடுத்துக்கொண்டு அவரே ஊரை விட்டு நடந்தார். வழியில் எங்கேயோ அது விழுந்துவிட்டது.

சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ஆனால் கூரை இல்லாத, உள்ளே மரம் முளைத்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. அந்த வீடு எது என்று பெரியம்மா காட்டினார். இப்போது அங்கே புது மதில், புதுக் கேட், வேறு யாரோ. தட்டலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்து, கேட்டின் கம்பியில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் இங்கே வந்தது பாதிக்கப்பட்டவர்களைப் பார்க்க. ஆனால் இந்த மண்ணிலும் ஒரு நாள் பாதுகாப்பு ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறது, அந்தப் பக்கம் இல்லை. அதை என்னிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரியம்மாவுக்கு இல்லை. சொன்னார். அதற்காகவே அவர் காலில் விழலாம்.

நான்காம் நாள்: ஏ9, கிளிநொச்சி

அதிகாலைப் பேருந்து. ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், உப்பளம், வெளிச்சம். அழகான இடம், இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்தை வன்னியோடு இணைக்கும் இந்தக் கழுத்துப் பகுதிக்காக எத்தனை ஆயிரம் பிள்ளைகள், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும், செத்தார்கள் என்று நினைத்தால் வெளியே பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்தேன். இந்தப் பயணத்தில் முகத்தைத் திருப்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

கிளிநொச்சி இப்போது வங்கியும் கடையும் நிறைந்த ஊர். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களும் தொண்டு நிறுவனத்தாரும் இங்கிருந்து கிளம்ப வேண்டிவந்தது. அரசு அவர்களுடைய பாதுகாப்புக்கு உறுதி சொல்ல முடியாது என்றது. போகாதீர்கள் என்று ஜனங்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள். வண்டிகள் வரிசையாகத் தெற்கே போயின. போனவர்கள் பாதுகாப்பாகப் போய்ச் சேர்ந்தார்கள். நான்கு வருடம் கழித்து, 2012 நவம்பரில், ஐ.நா.வே தன்னை விசாரித்து எழுதிய அறிக்கையில் தான் தவறிவிட்டதை ஒப்புக்கொண்டது. அந்த அறிக்கை வந்தபோது வாசலில் நின்று கெஞ்சியவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள்?

கந்தசுவாமி கோயில் பக்கம் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்களைப் பார்த்தேன். 2017 பிப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டம். அதற்குள் எத்தனையோ பெற்றோர் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள். ஒரு அம்மா, வயது எழுபதுக்கு மேல் இருக்கும், லேமினேட் செய்த படத்தை நெஞ்சில் அணைத்தபடி இருந்தார். பள்ளிச் சீருடையில் ஒரு பையன், மீசை அரும்பவில்லை. போரின் கடைசி நாட்களில், வட்டுவாகலில் அவர் கையாலேயே ராணுவத்திடம் ஒப்படைத்தாராம், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று சொன்னதை நம்பி. என் போனைப் பையிலிருந்து எடுக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்தான் சொன்னார்: "எடு பிள்ளை. கொண்டுபோய் ஆருக்கும் காட்டு. முகத்தை வடிவா எடு, என்ர முகத்தை இல்லை, அவன்ர முகத்தை." எடுத்தேன். கைப் பெருவிரல் மறைத்துவிட்டது என்று அவரே விரலை நகர்த்தி மறுபடி எடுக்கச் சொன்னார்.

ஐந்தாம் நாள்: புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால்

பரந்தனில் திரும்பி முல்லைத்தீவுச் சாலை. பேருந்து ஜன்னலில் ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தேன். முரசுமோட்டை. தருமபுரம். விசுவமடு. உடையார்கட்டு. வள்ளிபுனம். தேவிபுரம். 2009 ஜனவரியில் இந்த வரிசையில்தான் ஜனங்கள் நகர்ந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் பங்கர் வெட்டி, கொட்டில் போட்டு, பத்து நாளில் விட்டுவிட்டு அடுத்த ஊர். உடையார்கட்டுப் பக்கத்தைப் பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்தது, அங்கேயே ஷெல் விழுந்தது. பிப்ரவரியில் கடலோரம் 14 சதுர கிலோமீட்டர் மணல் திட்டை அடுத்த வலயம் என்றார்கள். லட்சக்கணக்கான பேர் அதற்குள். கடைசியில் அதுவும் சுருங்கியது. பேருந்துக்கு ஒரு மணி நேரப் பாதை இது, அவர்களுக்கு நான்கு மாதம்.

சின்னம்மா ஒல்லியாக, வேகமாக நடக்கிறார். தையல்காரர். வீட்டு முன்னறையில் மெஷின், பள்ளிச் சீருடைக் குவியல். பேரன் கூட இருக்கிறான். பேரனின் அப்பாவைப் பற்றி நான் கேட்கவில்லை, சுவரில் மாலை போட்ட படம் இருந்தது.

சேலையைக் கொடுத்தேன். மயில் கழுத்து நிறம், மெல்லிய கரை. பிரித்தார், அழகு பார்க்கவில்லை. ஒரு முனையை விரலில் பிடித்து முழங்கைவரை இழுத்து, மடித்து, மறுபடி முழங்கைவரை இழுத்தார். கை தன்பாட்டில் அளந்தது. பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"எட்டுப் பை வரும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நடந்துகொண்டே சொல்கிறேன் என்று கடற்கரைக்குக் கூட்டிப் போனார்.

அந்தக் கடலோர வலயத்தில், மாத்தளனிலும் பொக்கணையிலும் வெறும் மணல். பங்கர் வெட்டினால் பக்கம் சரிந்து விழும். மேலே போடப் பனங்குற்றி கிடையாது, மண்மூட்டை அடுக்க உரப்பை கிடையாது. அப்போதுதான் சேலையைத் தைக்க ஆரம்பித்தார்கள். சின்னம்மா தன் கைமெஷினை உடையார்கட்டிலிருந்து சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். அரிசியை விட்டுவிட்டு மெஷினைக் கொண்டு வந்தாய் என்று புருஷன் திட்டினாராம். அந்த மெஷின்தான் பிறகு ஓயவே இல்லை. அடுத்த கொட்டில், அதற்கடுத்த கொட்டில், எல்லோரும் சேலையோடு வந்தார்கள்.

"முதல்ல பழஞ்சீலை. பிறகு நல்ல சீலை. பிறகு கோயிலுக்குக் கட்டுறது. கடைசியாக் கலியாணக் கூறை. ஒரு பிள்ளை வந்தாள், கலியாணம் முடிச்சு ஆறு மாசம். கூறையைத் தந்திட்டு மற்றப் பக்கம் திரும்பி இருந்தவள், நான் கத்தரிக்கோல் வைக்கிறதைப் பாக்கேல்லை. முழுக் கரையும் கலர் கலராத்தான் கிடந்தது. பட்டு மூட்டை. மேல கிபிர் விமானம் வரேக்க வடிவா மின்னும்."

எனக்கு அந்த ஜன்னல் இடுக்கு ஞாபகம் வந்தது. அதே கோடை. நானும் ஒரு சேலையைக் கிழித்துக்கொண்டுதான் இருந்தேன். அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பெரியம்மாவிடம் சொல்ல முடிந்தது, இங்கே முடியவில்லை.

முள்ளிவாய்க்காலில் கடல் பக்கம் மீன்பிடிப் படகுகள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சின்னம்மாவுக்குத் தலையசைத்தார்கள். தலை முறிந்த பனைகள் அங்கங்கே. நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011இல் சொன்னது, கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்று. ராணுவம் மருத்துவமனைகள்மேல் ஷெல் அடித்ததையும், இயக்கம் ஜனங்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், பிள்ளைகளைப் பிடித்துப்போனதையும் அதே அறிக்கை சொல்கிறது. சின்னம்மா அறிக்கை படித்தவரில்லை. "இருக்கவும் விடேல்லை, போகவும் விடேல்லை" என்றார்.

வட்டுவாகல் பாலம்வரை நடந்தோம். நந்திக்கடலில் நாரைகள். பழைய குறுகிய பாலம். இதன்மேல்தான் 2009 மே நடுவில், போரின் கடைசி நாட்களில், மிச்சமிருந்தவர்கள் நடந்து ராணுவப் பக்கம் போனார்கள். அங்கிருந்து செட்டிகுளம், மெனிக்பாம் முகாம், முள்கம்பி. மூன்று லட்சம் பேருக்குக் கொஞ்சம் குறைவு. பெரியம்மா சமைத்த பார்சலை எடுத்துக்கொண்டு கொடிகாமம் முகாமில் தங்கையைத் தேடி வேலியைச் சுற்றி அலைந்துகொண்டிருந்த நாட்களில் தங்கை மெனிக்பாமில்தான் இருந்திருக்கிறார். சின்னம்மாவுக்கு இது தெரியும். "அக்கா பாவம், நாங்களாவது என்ன நடக்குதெண்டு கண்ணால கண்டம். அவ நினைச்சு நினைச்சுச் செத்தவ" என்றார்.

இரவு சாப்பிட்டபின் பேரன் டிவியைப் போட்டான். காசா. இடிந்த கட்டடங்களுக்கு நடுவே அலுமினியச் சட்டியைத் தூக்கிப் பிடித்தபடி பிள்ளைகள் கூட்டம், சாப்பாட்டுக்காக. நான் என்னையறியாமல் கண்ணைத் தாழ்த்தினேன். சென்னையில் இந்தக் காட்சி வந்தால் என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பேரனும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாத்தட்டே அம்மம்மா?" என்றான்.

"விடு. பாப்பம். ஆரும் பாக்கத்தானே வேணும்."

தையல் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியைக் கையில் பிடித்தபடி, அந்தச் செய்தி முடியும்வரை பார்த்தார். பொக்கணையில் 2009 ஏப்ரல் 8 அன்று பால்மா வாங்க அம்மாக்கள் குழந்தைகளோடு வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்தது. அந்த வரிசையில் நிற்க அவரும் கிளம்பினாராம். தைக்க வேண்டிய பை இரண்டு மிச்சம் இருந்ததால் பிந்திவிட்டார். "உந்தச் சட்டியில கஞ்சி விழுந்ததோ, இல்லையோ?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார். பேரனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சூடானைப் பற்றி அடுத்த செய்தி வந்தது. அதையும் பார்த்தோம். மூன்று பேரும் பேசாமல், முழுவதும்.

ஆறாம், ஏழாம் நாள்: திரும்பல்

நேற்றுக் காலை கிளம்பும்போது சின்னம்மா தோழிக்கென்று ஒன்று கொடுத்தார். மயில் கழுத்துச் சேலை மடித்தபடி அலமாரியில் இருந்தது. வீட்டில் இருப்பது பேரன், சாமத்தியச் சடங்கா நடக்கப்போகிறது, எதற்குக் கட்டுவது என்று முந்தைய இரவு சொன்னவர், தைப்பூசத்துக்குக் கட்டுகிறேன், படம் எடுத்து அனுப்புகிறேன் என்று இப்போது சொன்னார். அப்புறம் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார்.

சிவப்புப் பட்டு. மங்கிப்போயிருந்தாலும் சரிகைக் கரை தெரிகிறது. அவருடைய கூறை. எட்டில் ஏழு பங்கரோடு போய்விட்டன. கடைசி நாள் எட்டாவது மூட்டையின் மண்ணைக் கொட்டிவிட்டு, அடையாள அட்டைகளையும் பிறப்புப் பத்திரங்களையும் அதில் போட்டு, இடுப்பில் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டியிருக்கிறார். இரட்டைத் தையல், ஒரு நூல்கூடப் பிரியவில்லை. "அவளின்ர அம்மாதான் எனக்கு இந்தக் கூறையை உடுத்திவிட்டவ. அவளிட்ட இருக்கட்டும்" என்றார்.

யாழ்ப்பாணம் வந்து ஓர் இரவு பெரியம்மா வீடு. பையைக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எனக்குச் சோறு போட்டார்.

இன்று நாகை. சுங்கச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பனங்கிழங்கு, பனங்கட்டி, பெரியம்மா கட்டிக் கொடுத்த மிளகாய்த்தூள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிவப்புப் பை. இளைஞரான ஓர் அதிகாரி, மரியாதையாகத்தான் பேசினார்.

"இதுல என்னம்மா?"

"ஒண்ணும் இல்லைங்க. வெறும் பை."

கையை உள்ளே விட்டு மூலைவரை துழாவினார். வெளியே எடுத்து, விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார்.

"மணலா இருக்கே" என்றார்.

ஆமாம் என்றேன். பையை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.